வெள்ளரிக்காயும் வெண்கலக் கோயிலும்

வூடாங் மலை உச்சிக்குப் போகும் வழியில், இரண்டாம் சொர்க்க வாசல் என்ற வாயிலுக்குக் கீழே, படியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேபிள் காரை வேண்டாம் என்று சொன்ன என் வீராப்பு எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. காய் விற்ற பாட்டி என் முட்டியைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்புச் செயலியை எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. எடுத்தும் பிரயோஜனமில்லை, சிக்னல் இல்லை. தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பெட்டிகள் தொங்க, ஒரு சுமைகாரர் எங்களைத் தாண்டிப் போனார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் இருக்கிறது வூடாங் மலை. குங்ஃபூ படம் பார்த்தவர்களுக்கு வாளும் தாய்ச்சி என்ற தற்காப்புக் கலையும் நினைவுக்கு வரும். சீனாவின் தாவோ மதத்தாருக்கோ இது ஜென்வூ சாமி தவம் செய்த இடம். இங்குள்ள கோயில்களை 1994-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஜென்வூ ஓர் இளவரசர். தவத்தில் சலிப்புத் தட்டி, போதும் என்று மலையிறங்கினாராம். வழியில் ஒரு கிழவி இரும்புத் தடியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, ஊசி செய்கிறேன் என்றாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதைத்தான் அவள் ஊசியை வைத்துச் சொல்லியிருக்கிறாள். இளவரசர் திரும்பி ஏறிவிட்டார். அந்த இடத்தில் ஊசி தேய்த்த கிணறு என்றே ஒரு கோயில் உண்டு. பசியில் வயிறும் குடலும் சத்தம் போட்டதால் அவற்றைப் பிடுங்கி வீச, அவை ஆமையும் பாம்புமாக மாறின என்று இன்னொரு கதை. மலையில் எங்கே திரும்பினாலும் அந்த ஆமை மேல் பாம்பு சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் ஊதா மேக அரண்மனைக்குப் போனேன். பெயர்தான் அரண்மனை, கோயில்தான். பச்சை ஓட்டுக் கூரை, சிவப்புச் சுவர், பின்னால் செங்குத்தான பாறை. தலைமுடியை உச்சியில் கொண்டை போட்ட ஒரு துறவி முற்றத்தில் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் கூட்டி முடிக்கும்வரை நின்றேன். அந்த அரைமணி நேரம் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்தது.

நான்யான் பாறைக்கோயிலில், பள்ளத்தாக்கின் மேல் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளத்துக்குக் கல்லில் செதுக்கிய டிராகன் ஒன்று நீண்டுகொண்டிருக்கிறது. அதன் தலையில் ஊதுபத்திச் சட்டி. அந்தக் காலத்துப் பக்தர்கள் அதன் முதுகில் தவழ்ந்து போய்ப் பத்தி ஏற்றுவார்களாம். விழுந்து செத்தவர்கள் பலர். 1673-ல், காங்ஸி சக்கரவர்த்தி காலத்தில் தடை போட்டார்கள். இப்போது கம்பிக் கதவு, பூட்டு. எட்டிப் பார்த்ததற்கே எனக்கு உள்ளங்கால் கூசியது.

சரி, உச்சிக்கு வருகிறேன். 1,612 மீட்டர் உயரத்தில், முழுக்க வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசிய ஒரு சின்னக் கோயில். மரச்சட்டம், ஓட்டு வரிசை, கூரை முனையில் குட்டி மிருகங்கள் என்று எல்லாமே மரக்கட்டடம் போலத் தெரியும். தட்டினால் உலோகம். பெய்ஜிங்கில் பாகங்களாக வார்த்து, 1416-ல் படகில் கொண்டுவந்து, மலையேற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். நான் வெறும் முதுகுப்பையோடு ஏறவே திணறிய படிகள்!

கட்டியவர் மிங் வம்சத்து யோங்லே சக்கரவர்த்தி. 1402-ல் அண்ணன் மகனைத் துரத்திவிட்டு அரியணையைப் பிடித்தவர். போரில் ஜென்வூ சாமிதான் துணை நின்றது என்று சொல்லிக்கொண்டார். 1412-ல் ஆரம்பித்து லட்சக்கணக்கான ஆட்களை இறக்கி மலை முழுக்கக் கோயில் எழுப்பினார். நன்றிக்கடன் என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ ஊர் வாயை மூடச் செய்த செலவாகத்தான் படுகிறது. உள்ளே இருக்கும் சாமிக்கு யோங்லேயின் முகம் என்று ஊரில் பேச்சு வேறு.

இந்த யோங்லே நமக்கும் அந்நியர் இல்லை. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும், இலங்கையின் காலி (Galle) நகர மும்மொழிக் கல்வெட்டு இவர் பெயரில் வந்ததுதான். இவருடைய கடற்படைத் தளபதி ஜெங் ஹே கப்பல்களோடு கொண்டுவந்தது. 1409-ம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல், சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. எந்தச் சாமியையும் விடாத மனிதர்.

வெண்கலக் கோயிலுக்குள் ஓர் அணையா விளக்கு. இணைப்புகள் அவ்வளவு நெருக்கமாம், புயலிலும் சுடர் ஆடாதாம். கம்பிக்கு இந்தப் பக்கம் பத்து விநாடி எனக்குக் கிடைத்தது. பின்னால் தள்ளுகிறார்கள். சுடர் ஆடவில்லை, நான்தான் ஆடினேன்.

அப்புறம், பக்கத்துச் சிகரத்தில் 1307-ம் ஆண்டின் பழைய வெண்கலக் கோயில். புதியது வந்ததும் இதை இங்கே மாற்றிவிட்டார்கள். செங்கல் சுவருக்கும் இதற்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இருட்டுச் சந்து. சுற்றி வந்தால் யோகம் திரும்பும் என்று நம்பிக்கை. பையைக் கழற்றி, வயிற்றை எக்கி நுழைந்தேன். எத்தனையோ கைகள் தடவி வழுவழுத்த உலோகம், ஐஸ் மாதிரி. பாதியில் எதிரே ஒரு குழந்தை சிரித்தபடி வந்துவிட்டது. யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும், நான் வாங்கினேன்.

யோகம் திரும்பியதா என்று கேட்டால், மறுநாள் காலை விடுதிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். வரவேற்பில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.