சங்கரய்யாவின் வாழ்க்கையை எட்டுத் தட்டிகளில் எழுதிய அனுபவம்

விடுதலைப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவருமான தோழர் என். சங்கரய்யா 2023 நவம்பர் 15-ல் மறைந்தார். எங்கள் வாசகர் வட்டத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்த முடிவானது. அரங்கில் நிறுத்தி வைக்க, அவர் வாழ்க்கையைச் சொல்லும் எட்டுத் தட்டிகளைத் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் மதுரைக்காரன், சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பெயர், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

முதலில் வயதே இடித்தது. ஓரிடத்தில் 101 என்று இருந்தது, இன்னோரிடத்தில் 102. பிறந்தது 1922 ஜூலை 15, கோவில்பட்டியில். 2021 ஜூலையில் நாம் கொண்டாடியது அவர் நூறாவது வயதில் அடியெடுத்து வைத்ததை. நூறு நிறைந்தது அடுத்த வருடம்தான். நம்மூரில் நடக்கிற வயதையும் சொல்வார்கள், நிறைந்த வயதையும் சொல்வார்கள். இரண்டும் கலந்ததில் வந்த குழப்பம் இது. தட்டியில் பிறந்த நாளையும் மறைந்த நாளையும் மட்டும் போட்டேன்.

அடுத்தது என் தவறு. 'அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார்' என்று எழுதி, ஃபிளெக்ஸும் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுத்துப் பிழை பார்க்கக் கூப்பிட்டிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"இது தப்பு தம்பி. பரீட்சைக்குப் பதினஞ்சு நாள் இருக்கையில பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவரு எங்க பரீட்சை எழுதுனாரு?"

சரிபார்த்தபோது அப்படியேதான் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்துத் துண்டறிக்கை போட்டதற்காக, 1941 பிப்ரவரி 28-ல் அவரைப் பிடித்தார்கள். பதினெட்டு மாதம் சிறை. பத்தொன்பது வயதுகூட நிறையாத பையன்! அந்த ஒரு வரியை நான் சாதாரணமாகத் தட்டச்சு செய்துவிட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தட்டியை மாற்றி அடித்தேன்.

சிறைப் பகுதியை எழுதுவது சுலபமாக இருந்தது. ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட மதுரைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலியவர்களோடு அடைக்கப்பட்டிருந்தவர், 1947 ஆகஸ்ட் 14 அன்று, விடிந்தால் சுதந்திரம் என்ற நிலையில் வெளியே வந்தார். அடுத்த மாதமே நவமணி அம்மாளோடு சாதி, மதம் கடந்த திருமணம். அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபோது தலைமறைவு, மறுபடி சிறை. எல்லாம் சேர்த்தால் சிறையில் மட்டும் எட்டு வருடம். 1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய 32 பேரில் இவரும் ஒருவர். இதெல்லாம் எல்லாப் புகழுரைகளிலும் வந்துவிடுகிறது.

எனக்கு நேரம் பிடித்தது சட்டமன்றப் பகுதிதான். 1957-லும் 1962-லும் தோற்றவர், 1967-ல் மதுரை மேற்கில் வென்றார். 1977-லும் 1980-லும் மதுரை கிழக்கு. மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர் என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு நாளின் குறிப்பாகப் புரட்டினேன். கேள்வி நேரம், மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம் என்று பக்கம் பக்கமாகப் போகும். முதலில் அலுப்பாக இருந்தது. நாலைந்து நாளில் பிடிபட்டுவிட்டது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க 1967 ஜூலை 18-ல் தீர்மானம் நிறைவேற்றிய பேரவையில் இவரும் உறுப்பினர். மார்க்சிஸ்ட் கட்சிக்கு அப்போது பதினொரு இடம். வெறும் பதினொரு பேர் என்றாலும், பேசக் கிடைத்த நிமிடங்களை வீணாக்காமல் கூலியையும் நிலத்தையும் பற்றிப் பேச அங்கே போனவர்கள். கல்வியிலும் நிர்வாகத்திலும் தமிழே இருக்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர் சங்கரய்யா. சிறைக்குப் போன தைரியத்துக்கு இந்தப் பொறுமை எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதனால் சிறைக்கு ஒரு தட்டி, சட்டமன்றத்துக்கு இரண்டு தட்டி என்று வைத்தேன். வட்டத்தில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. நான் மாற்றவில்லை.

கடைசித் தட்டியை எழுதும்போது கை ஓடவில்லை. 2021-ல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த பத்து லட்சம் ரூபாயை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2-ல் பட்டமளிப்பு விழா நடந்தது, பதின்மூன்றாம் நாள் அவர் இல்லை. இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் தேதிகளை மட்டும் எழுதினேன்.

கூட்டத்தன்று பெரியவர் நேரே இரண்டாவது தட்டிக்குப் போனார். 'இறுதித் தேர்வு எழுதவில்லை. கைது: 28.2.1941' என்று மாற்றியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜானகி அம்மாவுக்கு எப்ப தம்பி?" என்றார். அதே கட்சியின் கே.பி. ஜானகி அம்மாளும் அதே 1967-ல் மதுரை கிழக்கில் வென்றவர். அந்தப் பேரவைக் குறிப்புகளை மறுபடி முதலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.