ஆமா வீட்டுல ஆறு நாள்

2019 நவம்பர் கடைசில எங்க சபை வாலிபர் ஐக்கியத்துல இருந்து 11 பேர் நேபாளம் போயிட்டு வந்தோம். அத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, எழுதவே இல்ல. இப்ப அடுத்த டீம் அனுப்புறத பத்தி சேகரத்துல, அதாவது எங்க பக்கத்து சபைங்க எல்லாம் சேர்ந்த அமைப்புல, பேச்சு வந்திருக்கு, தம்பி தங்கச்சிங்க வீட்டுக்கே வந்து அக்கா என்னென்ன எடுத்துட்டு போகணும், என்ன ஸ்கிட் போடலாம், எத்தனை கைப்பிரதி (சுவிசேஷ துண்டுப்பிரசுரம்) அடிக்கலாம்னு கேக்குறாங்க. வாயால சொன்னா பாதி விட்டுப்போகும்னுதான் உக்காந்து எழுதுறேன். நாங்க தங்கின ஊர் பேர எழுதல, ஏன்னு கீழ படிக்கும்போது புரியும்.

வழி ரொம்ப சிம்பிள். பாளையங்கோட்டையில ஜெபம் பண்ணி அனுப்பி வச்சாங்க, நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னை, அங்க இருந்து ராப்திசாகர்ல கோரக்பூர், ரயில்லயே கிட்டத்தட்ட ரெண்டு நாள் ஓடிரும். கோரக்பூர்ல இருந்து சோனௌலி பார்டருக்கு பஸ்ல மூணு மணி நேரம். நமக்கு விசா கிடையாது, பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி கையில இருக்கணும். பார்டர்ல உள்ள நுழைவு வளைவ நடந்தே தாண்டிட்டு வாட்ச்ல கால் மணி நேரம் கூட்டி வைக்கணும், நேபாளம் நம்மள விட 15 நிமிஷம் முன்னாடி. நம்ம 100 ரூபா அவங்களுக்கு 160, கடையில எது வாங்கினாலும் ஐசியா என்சியான்னு கேப்பாங்க, அதாவது இந்திய காசா நேபாள காசான்னு. நாங்க போனப்ப 100 ரூபாய்க்கு மேல உள்ள நம்ம நோட்டு அங்க செல்லாது, அதனால எல்லாரும் நூறு ரூபா கட்டுதான் கொண்டு போனோம். புட்வல் தாண்டினதும் மலை ஏறுது ரோடு. தான்சேன்ல இறங்கி காலைல எந்திச்சு பாத்தா வடக்க வரிசையா பனி மலை, பஸ்ல மூணு மணி நேரம் வாந்தி எடுத்த பிள்ளைகூட எல்லாத்தையும் மறந்துட்டு அப்படியே நின்னுட்டா. தான்சேன்ல 1954-ல ஆரம்பிச்ச மிஷன் ஆஸ்பத்திரி இன்னும் நடக்குது. அங்க இருந்து ஜீப், ஜீப் நின்ன இடத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் நடை.

அந்த ஊர் சபை பாஸ்டர் எங்கள வீடு வீடா பிரிச்சு விட்டாரு. பொம்பளப் பிள்ளைங்க நாலு பேருக்கு ஒரு வயசான அம்மா வீடு. நேபாளியில அம்மாவ "ஆமா"ன்னு கூப்பிடுறாங்க. அண்ணனுக்கு "தாய்", அக்காவுக்கு "தீதி", தங்கச்சிக்கு "பஹினி". நாங்க எங்களுக்குள்ள பேசும்போது வரிக்கு ஒரு ஆமா வருமே, ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா அடுப்படியில இருந்து திரும்பி என்ன வேணும்னு கேக்குற மாதிரி பாக்கும். மூணாவது நாள் அதுக்கு விஷயம் புரிஞ்சிருச்சு, ஆனாலும் திரும்பிப் பாக்குறத விடல.

முதல் நாள் ராத்திரியே எங்க பிளான் எல்லாம் மாறிருச்சு. நாங்க கொண்டு போனது என்னன்னா, நேபாளியில அடிச்ச 500 கைப்பிரதி, ஒரு மாசம் பயிற்சி பண்ணின ஸ்கிட், பிள்ளைங்களுக்கு நோட்டு பென்சில் சாக்லேட் எல்லாம் சேத்து ரெண்டு பெரிய பை. பாஸ்டர் எல்லாத்தையும் பொறுமையா பாத்தாரு. பிறகு எங்க டீம் லீடர் அண்ணன்கிட்ட ஹிந்தியில ரொம்ப நேரம் பேசினாரு. அண்ணன் உத்தரப்பிரதேசத்துல ஊழியம் செஞ்சவர், அவர் எங்களுக்கு தமிழ்ல சொன்னாரு. நேபாளத்துல புது குற்றவியல் சட்டம் 2018 ஆகஸ்ட்ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒருத்தர மதம் மாத்தினா, மாத்த முயற்சி பண்ணினாகூட, 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 நேபாள ரூபா வரைக்கும் அபராதம். வெளிநாட்டுக்காரங்கன்னா தண்டனை முடிஞ்சதும் நாட்ட விட்டே அனுப்பிருவாங்க, விசா இல்லாம வந்தாலும் நாமளும் அங்க வெளிநாட்டுக்காரங்கதான். விசுவாசிங்க கூடி ஆராதிக்கிறதுக்கு தடை இல்ல. தெருவுல நின்னு ஸ்கிட் போட்டு கைப்பிரதி குடுத்தா அது வேற கதை.

இதெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே நாங்க விசாரிச்சிருக்கணும். நெட்ல தேடினாலே கிடைக்கிற விஷயம். ஒரு மாசம் ஸ்கிட்டுக்கு செலவழிச்சோமே, அதுல ஒரு சாயங்காலம் இத படிச்சிருக்கலாம்.

கைப்பிரதி கட்ட பாஸ்டர் வாங்கி உள்ள வச்சுட்டாரு. நோட்டு பென்சில் பைய மட்டும் மறுநாள் ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட கொண்டு போய் குடுக்க சொன்னாரு. எல்லா பிள்ளைக்கும் சமமா, சபைக்கு வர்ற பிள்ளை வராத பிள்ளைன்னு பாக்காம, பாதிரியார் கையால இல்லாம ஹெட்மாஸ்டர் கையால போகட்டும், நாளைக்கு ஒருத்தரும் ஆசை காட்டி இழுத்தாங்கன்னு சொல்லக்கூடாதுன்னாரு.

அப்படி சொன்ன பிறகும் ரெண்டாவது நாள் நான் ஒரு தப்பு பண்ணினேன். சின்னப் பிள்ளைங்க ஏழெட்டு பேரு எங்ககூட பாட்டு பாடினத போட்டோ எடுத்து ஊர் பேரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சுட்டேன், ஃபேஸ்புக்லயும் போட்டேன், "தேவன் செய்த அற்புதம்"னு மேல எழுதி. நம்ம ஊர்ல இருந்து அறுபது எழுபது பேரு ஆமென் போட்டாங்க, சந்தோஷமா இருந்துச்சு. சாயங்காலம் பாஸ்டர் வந்து ஆமா வீட்டு அடுப்பு பக்கத்துல உக்காந்தாரு. திட்டவே இல்ல. "பஹினி, நீ அடுத்த வாரம் உங்க வீட்டுக்கு போயிருவ. இந்த போட்டோவ யாராவது எடுத்துட்டு போய் காட்டினா என்னைய கூப்பிட்டு விசாரிப்பாங்க, அது பரவாயில்ல. இந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவயும் விசாரிப்பாங்க. அதுல ரெண்டு வீடு சபையில உள்ள வீடு இல்ல, நம்பி விளையாட அனுப்பினவங்க." லீடர் அண்ணன் தமிழ்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு அழுகை வந்திருச்சு. பாஸ்டரோட மாமா ஒருத்தர் 1990-க்கு முன்னாடி ஞானஸ்நானம் எடுத்ததுக்கு ஒரு வருஷம் ஜெயில்ல இருந்தவர், அன்னைக்கு சட்டம் அப்படி. அவ்வளவு விலை குடுத்தவங்க வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு நான் ஸ்டேட்டஸ் போட்டுட்டு இருந்திருக்கேன். அன்னைக்கே எல்லாத்தையும் டெலிட் பண்ணினேன். இத வாசிக்கிற தம்பி தங்கச்சி, நீங்க போகும்போது போன் கொண்டு போங்க, வீட்டுக்கு பேசுங்க, ஆனா அங்க உள்ளவங்க முகத்த இங்க போடாதீங்க.

அப்ப ஆறு நாளும் என்னதான் பண்ணினீங்கன்னு எங்க ஐயரம்மாகூட (எங்க சபை போதகரோட மனைவி) கேட்டாங்க. கேழ்வரகு அறுப்பு நடந்துட்டு இருந்துச்சு, அங்க அத கோதோன்னு சொல்றாங்க. அந்த ஊர்ல நடுத்தர வயசு ஆம்பளைங்கள பாக்குறதே அபூர்வம், கத்தார், சவுதி, மலேசியான்னு போயிட்டாங்க, அந்த நாட்டு பொருளாதாரத்துல கிட்டத்தட்ட கால்வாசி அளவுக்கு வெளிநாட்டுல இருந்து காசு வருது. இருக்கிறது பொம்பளைங்க, வயசானவங்க, பிள்ளைங்க. அதனால 11 பேரும் படிப்படியா இருக்கிற அந்த மலைக்காட்டுல இறங்கி கதிர் அறுத்தோம், சுமந்தோம். சுமக்கிறதுக்கு தோகோன்னு ஒரு மூங்கில் கூடை, கீழ குறுகி மேல அகலமா இருக்கும். நம்ம மாதிரி சும்மாடு வச்சு தலையில வைக்கிறது இல்ல, நாம்லோன்னு ஒரு பட்டை கயிறு, அத கூடைக்கு அடியில சுத்தி நெத்தியில மாட்டி முதுகுல தூக்கணும். நெத்தி முடிஞ்சு தலைமுடி ஆரம்பிக்கிற இடத்துல, கொஞ்சம் மேலயே, பட்டை உக்காரணும். கீழ இறங்கினா கண்ணு இருட்டும், ரொம்ப மேல போனா வழுக்கி பின்னாடி போயிரும். ஆமா என் தலைய ரெண்டு கையால பிடிச்சு, பட்டைய சரி பண்ணி, என் கழுத்த லேசா முன்னாடி அமுக்கி விட்டுச்சு. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், என் கூடைய மாதிரி ரெண்டு மடங்கு அது தூக்கிட்டு எனக்கு முன்னாடி ஏறுச்சு, அதுவும் பாட்டு பாடிக்கிட்டே. ராத்திரி அந்த மாவுல திண்டோ கிண்டினாங்க, நம்ம கேழ்வரகு களியேதான், உருட்டி குழி பண்ணி குந்த்ருக் ரசத்துல தொட்டு சாப்பிடணும், குந்த்ருக்ன்னா புளிக்க வச்சு காய வச்ச கீரை. என் அப்பாச்சி கையால களி சாப்பிட்டு இருபது வருஷம் ஆச்சு, அந்த மலைல உக்காந்து அவங்க ஞாபகம் வரும்னு நான் நினைக்கவே இல்ல.

ஒரு ராத்திரி ஆமாவோட மகன் மலேசியால இருந்து வீடியோ கால் பண்ணினான். எங்க முகத்த பாத்ததும் தமிழான்னு கேட்டுட்டு "சாப்டாச்சா?"ன்னான். ஃபேக்டரியில அவன்கூட வேலை பாக்குற தமிழ் ஆளுங்க சொல்லிக்குடுத்ததாம். அங்க தமிழ் சபைக்கு கூட ரெண்டு தடவை போயிருக்கான், மொழி புரியலன்னாலும் போய் உக்காந்திருக்கான். வீட்டுல முதல்ல விசுவாசத்துக்கு வந்ததே அவன்தான், மலேசியால வச்சுத்தான், பிறகு போன்லயே அம்மாகிட்ட சொல்லியிருக்கான். எந்த மிஷனரியும் அந்த வீட்டுக்கு ஏறி வரல.

நேபாளத்துல வார விடுமுறை சனிக்கிழமை, அதனால ஆராதனையும் சனிக்கிழமைதான். 2015 ஏப்ரல் 25 பூகம்பம் வந்ததும் சனிக்கிழமை, 11.56-க்கு, ஆராதனை நடக்கிற நேரம். எத்தனையோ சபையில ஆராதனையில இருந்தவங்க மேலயே கட்டடம் விழுந்திருக்கு. நாங்க தங்கின ஊர் பக்கம் அவ்வளவு சேதம் இல்லன்னு சொன்னாங்க. கோயில்னா தகரக் கூரை போட்ட ஒரு நீளமான ரூம். செருப்ப வெளிய விட்டுட்டு தரையில உக்காரணும், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், நம்ம நாட்டுப்புற சபை மாதிரியேதான். மாதல்னு ஒரு மேளத்த மடியில வச்சு ஒரு பையன் வாசிச்சான். ஜெபம்னா எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா பண்றாங்க. என்னைய சாட்சி சொல்ல சொன்னாங்க, நான் தமிழ்ல சொல்ல, அண்ணன் ஹிந்தியில சொல்ல, பாஸ்டர் நேபாளியில சொல்ல, அஞ்சு நிமிஷ சாட்சி இருபது நிமிஷம் ஆச்சு, ஒருத்தரும் அசையல. முடிஞ்சு வெளிய வரும்போது வரிசையா நின்னு ஒவ்வொருத்தர் கையயும் பிடிச்சு "ஜெய் மசீ" சொல்றாங்க, நாம ஸ்தோத்திரம் சொல்ற மாதிரி.

ஆனா நான் சொல்ல வந்தது காணிக்கை நேரம். பொம்பளைங்க ஒவ்வொருத்தரும் சின்ன துணிப்பை கொண்டு வந்து முன்னாடி உள்ள தகர டின்ல அரிசிய கொட்டினாங்க. ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து தனியா வச்சது. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. நம்ம பிடி அரிசி! எங்க அப்பாச்சி அடுப்படியில அதுக்குன்னு ஒரு டப்பா இருந்துச்சு, யாரும் அதுல கை வைக்கக்கூடாது. 1903-ல பாளையங்கோட்டையில நம்ம ஆளுங்களே நம்ம காசுல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்கன்னு சண்டே ஸ்கூல்ல படிச்சோமே, இந்த மாதிரி பிடி அரிசியும் நாலணாவும் போட்ட வீடுகளாலதான் அந்த ஊழியமெல்லாம் நடந்திருக்கு. அந்த டின்ல விழுந்த அரிசிதான் அன்னைக்கு மத்தியானம் எங்க 11 பேருக்கும் சாதமா வந்துச்சு. அது தெரிஞ்ச பிறகு அந்த தட்டுல நான் ஒரு பருக்கை விடல.

எங்க பயணத்துக்கு ஆளுக்கு 12,000 ரூபா ஆச்சு, மொத்தம் 1,32,000. அத அப்படியே அந்த சபைக்கு அனுப்பியிருக்கலாமேன்னு நிறைய பேர் கேட்டாங்க, நானும் என்னையே கேட்டுக்கிட்டேன். பாஸ்டர்கிட்டயும் அண்ணன் கேட்டாரு. காசு வந்தா கூரை போடலாம்தான், ஆனா தமிழ்நாட்டுல இருந்து பிள்ளைங்க வந்து எங்க காட்டுல கோதோ அறுத்தாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க பேசிக்கிறாங்க, அதுக்கு முன்னாடி எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு வராதவங்கன்னு சொன்னாரு. அதே நேரம் அடுத்த தடவை 11 பேர் வேண்டாம், நாலு பேர் போதும்னும் சொன்னாரு. 11 பேருக்கு போர்வை சேக்குறதுக்கு அவரு எட்டு வீடு ஏறி இறங்கியிருக்காரு, அது எங்களுக்கு கடைசி நாள்தான் தெரிஞ்சுச்சு.

கிளம்புற அன்னைக்கு காலைல என்னத்துக்காக ஜெபிக்கணும்னு கேட்டோம். எழுப்புதல், கோயில் கட்டடம்னு சொல்வாருன்னு நினைச்சோம். கல்லறைக்கு இடம் வேணும்னாரு. நேபாளத்துல கிறிஸ்தவங்களுக்கு பெரிய கஷ்டம் இது, 2011-ல காத்மாண்டுல பசுபதி கோயில் பக்கத்து காட்டுல புதைக்கிறத நிறுத்தின பிறகு அதுக்காக உண்ணாவிரதம் கூட இருந்தாங்க. அந்த ஊர்லயும் அதே கதை, அந்த வருஷம் சபையில ஒரு தாத்தா இறந்தப்ப ராத்திரி ரெண்டு மணி நேரம் மலை ஏறி கொண்டு போய் அடக்கம் பண்ணிட்டு வந்திருக்காங்க. ஒரு ரோபனி இடம் கிடைச்சா போதும்னாரு, நம்ம கணக்குல 12 சென்ட்டுக்கு கொஞ்சம் கூட. ஆமா அப்ப பக்கத்துலதான் நின்னுச்சு, தோகோ பின்னுற மூங்கில சீவிக்கிட்டே, எனக்கும் அங்கதான்னு சொல்லி சிரிச்சுச்சு.

அந்த இடம் இன்னும் கிடைக்கல. போன மாசம் பாஸ்டர்கிட்ட பேசினோம், விக்க ஒத்துக்கிட்ட ஒருத்தர் பிறகு பின்வாங்கிட்டாராம். எங்க பெண்கள் ஐக்கியத்துல இப்ப மாசத்துல ஒரு வாரத்து பிடி அரிசிய வித்து அதுக்குன்னு தனியா வைக்கிறாங்க, கணக்கு ஐயரம்மாகிட்ட இருக்கு. அடுத்த டீம்ல போற நாலு பேரு யாருன்னு முடிவாகல, ஒருத்தர் நர்ஸா இருந்தா நல்லதுன்னு அவரே கேட்டிருக்காரு. கம்பளி எடுத்துட்டு போங்க, ஆளுக்கு ஒரு போர்வை கண்டிப்பா.