ஜிங்மாய் மலை நாட்குறிப்பு: காட்டுக்குள் வளரும் தேயிலை

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு. ஷிஷுவாங்பன்னா

சீனாவின் யுன்னான் மாநிலத் தலைநகரான குன்மிங்கில் ரயில் ஏறி மதியத்துக்குள் இங்கே வந்து சேர்ந்தேன். 2021 டிசம்பரில் திறந்த சீனா-லாவோஸ் ரயில் பாதை இது. வழியில் பெரும்பகுதி சுரங்கம்தான். வெளிச்சம் வரும் இடைவெளிகளில் செம்மண், வாழை, ரப்பர் தோட்டம். முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சிங்மிங் விடுமுறைக்கு ஊர் போனவர்கள் திரும்புகிற நாள் என்பதால் எதிர்த்திசை வண்டிகளில் நிற்க இடமில்லை.

யுன்னான் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மியான்மர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஜிங்மாய் மலைக்குப் போகிறேன். அங்குள்ள பழமையான தேயிலைக் காடுகளை 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தேயிலைக்காகவே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான். ஐந்து தேயிலைக் காடுகள், ஒன்பது கிராமங்கள், இடையில் வெட்டக் கூடாத மூன்று காப்புக் காடுகள். புலாங், தை என்ற இரண்டு இனத்தவர்கள் பத்தாம் நூற்றாண்டிலிருந்து பேணி வருவது.

நான் வளர்ந்தது வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தவர். எங்களுக்குத் தேயிலை என்றால் காட்டை அழித்துவிட்டு நடுவது. காட்டை வைத்துக்கொண்டே ஆயிரம் வருடம் தேயிலை எடுத்திருக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து இங்கே வர வேண்டும் என்று இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள். வெங்ஜி

மெங்ஹாய் வழியாகப் பேருந்து. மலையடிவார ஊரான ஹுய்மினில் இறங்கினேன். தங்கப்போகும் வீட்டுக்காரரின் மகன் வண்டியோடு காத்திருந்தார்.

மலை ஏறும் முன்பே சோதனைச் சாவடி. வண்டியில் தேயிலை இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. வெளியூர் இலையை மேலே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோய் உலர்த்தி, ஜிங்மாய் பெயரில் விற்றுவிடுவார்கள் என்பதால் கிராமத்தார் வைத்திருக்கும் கட்டுப்பாடு. பெயர் கெட்டால் எல்லாருக்கும் கெடும், அதனால் எல்லாருமாகக் காவல் காக்கிறோம் என்றார் அந்தப் பையன்.

அப்புறம் கல் பாவிய சாலை. தார் போடாமல் விட்டிருக்கிறார்கள். வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் ஏறுகிறது. யாருக்கும் வேகமாகப் போக முடியாது, அதுதான் நல்லது.

வெங்ஜி புலாங் மக்களின் ஊர். கால் நட்டு உயர்த்திய மரவீடுகள், மேலே சின்னச் சின்ன ஓடுகள். கீழ்த்தளத்தில் விறகும் கோழியும், மேல்தளத்தில் அடுப்பும் படுக்கையும், ஓரத்தில் இலை உலர்த்தும் மேடை. கூரை முகட்டில் மரத்தால் செதுக்கிய ஓர் உருவம் நிற்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தேன்: ரெண்டு இலை, ஒரு மொட்டு. எங்கள் எஸ்டேட்டில் மேஸ்திரி நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த அதே அளவு. இங்கே வீட்டின் தலையில் வைத்திருக்கிறார்கள்.

ஊரின் மேட்டில் பௌத்தக் கோயில். சீனக் கோயில் சாயலே இல்லை. பர்மா, தாய்லாந்து பக்கத்துத் தேரவாத மரபு. அருகே பிரம்மாண்டமான ஒரு சைப்ரஸ் மரம். இருட்டும் வரை அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீடெல்லாம் மரம் என்பதால் நெருப்பு பற்றிப் பயம் அதிகம். பக்கத்து மாவட்டத்தில் ‘வா’ என்ற இனத்தவரின் பழைய ஊரான வெங்டிங் 2021 பிப்ரவரியில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு தூக்கமே கெட்டுவிட்டது என்று வீட்டுக்கார அக்கா கைபேசி மொழிபெயர்ப்பில் சொன்னார். சந்துக்குச் சந்து தண்ணீர்க் குழாயும் தீயணைப்பான் பெட்டியும் இருக்கின்றன.

ஏப்ரல் 8, செவ்வாய். வெங்ஜி

இன்று காட்டுக்குள் போனோம். நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவும் அவருடைய மாமியாரும் முன்னே போக, நான் பின்னால். ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் நடந்ததும் அக்கா நின்று, இதுதான் எங்கள் தோட்டம் என்றார். எனக்குத் தோட்டமே தெரியவில்லை. உயரமான காட்டு மரங்கள், அவற்றின் நிழலில் பாசி படர்ந்த நடுத்தர மரங்கள், கீழே பெரணியும் புல்லும். அந்த நடுத்தர மரங்கள்தான் தேயிலை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நம் மலைகளிலும் அஸ்ஸாம் வகைத் தேயிலை நிறைய உண்டு. இதுவும் அதே வகைதான். அங்கே சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறோம். அதனால் அது புதர் என்றே நாம் நினைத்துவிட்டோம். விட்டால் மரமாகும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கைவிடப்பட்ட ஒரு சரிவில் தலைக்கு மேல் வளர்ந்ததைச் சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தொடையளவு பருத்த தண்டும், கிளைகளில் ஆர்க்கிட் செடியும் தொற்றிய தேயிலையை இன்றுதான் பார்க்கிறேன்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தில் ஏறினார். கவட்டையில் நின்றுகொண்டு, தோளில் தொங்கிய கூடைக்குள் கொழுந்தைக் கிள்ளிப் போட்டார். பாட்டி கீழ்க் கிளைகளைப் பார்த்துக்கொண்டார். நானும் கொஞ்சம் பறித்தேன். விரல்கள் மறக்கவில்லை. நகம் படாமல் ஒடிக்க வேண்டும் என்று பாட்டி சைகையில் சொன்னபோது, தெரியும் பாட்டி என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார்.

உரம் கிடையாது, மருந்தடிப்பு கிடையாது. மேலே இருக்கும் மரங்கள் உதிர்க்கும் சருகுதான் எரு. பூச்சியைச் சிலந்தியும் பறவையும் பார்த்துக்கொள்கின்றன. மேல்மரம் வெயிலை வடிகட்டுவதால் கொழுந்து மெதுவாக வருகிறது, கொஞ்சமாகத்தான் வருகிறது. எஸ்டேட் கணக்கில் பார்த்தால் விளைச்சல் ஒன்றுமேயில்லை. ஆனால் மண் கரையவில்லை, ஓடை வற்றவில்லை. வால்பாறையில் இரண்டுமே நடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஒரு மரத்தின் அருகே மரத்தாலான சின்னக் கம்பங்கள் நட்டிருந்தன. அடியில் மெழுகுவர்த்தி எரிந்த தடம். ஒவ்வொரு குடும்பத் தோட்டத்திலும் முதலில் நட்ட மரம் இப்படித் தேயிலை ஆவியின் மரமாக நிற்கும். வசந்தப் பறிப்பு தொடங்கும் முன் அதற்குத்தான் படையல், அதில்தான் முதல் கொழுந்து. பாட்டி அந்த மரத்தைக் கடக்கும்போது குனிந்து தொட்டுவிட்டுப் போனார். முனீஸ்வரன் கல்லைக் கடக்கும்போது எங்கள் அம்மாச்சியும் அப்படித்தான் செய்வார்.

கிளைகளில் நண்டுக்கால் போலக் கணுக்கணுவான ஒரு ஒட்டுண்ணிச் செடி தொங்குகிறது. பெயரும் நண்டுக்கால்தான். வயதான தேயிலை மரங்களில்தான் அதிகம் வளரும். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று உலர்த்தி விற்கிறார்கள். ஒரு காலத்தில் இதற்காகக் கிளைகளையே ஒடித்திருக்கிறார்கள் என்று அக்கா வருத்தத்தோடு சொன்னார்.

மதியச் சாப்பாட்டில் பச்சைக் கொழுந்தை மிளகாயும் உப்பும் போட்டுப் பிசைந்து கொடுத்தார்கள். இன்னொரு தட்டில் கொழுந்து போட்ட முட்டைப் பொரியல். முதலில் கசப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு. தண்ணீர் குடித்தாலும் அந்த இனிப்பு போகவில்லை.

ஏப்ரல் 9, புதன். வெங்ஜி

நேற்றுப் பறித்த கொழுந்து மூங்கில் தட்டுகளில் வாடியதும் ராத்திரியே வேலை தொடங்கிவிட்டது. அகன்ற இரும்புச் சட்டியைச் சாய்வாகப் பதித்திருக்கிறார்கள், அடியில் விறகு. அக்காவின் கணவர் கையுறை போட்டுக்கொண்டு இலையைப் புரட்டிப் புரட்டிப் போட்டார். வாசனை மாறும் நேரம் பார்த்துச் சட்டியிலிருந்து வழித்தெடுத்து, மூங்கில் பாயில் உருட்டினார்கள். காலையில் வெயில்.

நம் தொழிற்சாலைத் தேயிலையை அரைத்துப் புளிக்கவைத்து, சூடான காற்றில் காயவைப்பார்கள். இங்கே புளிப்பதைச் சட்டிச் சூட்டால் நிறுத்துகிறார்கள். ஆனால் முழுதாகக் கொன்றுவிடுவதில்லை. வெயிலில் காய்ந்த இலைக்குள் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கும். அதனால்தான் இப்படிச் செய்யும், பூஅர் என்ற யுன்னான் தேநீர் வருடக்கணக்கில் வைக்க வைக்க மாறிக்கொண்டே போகிறது. சந்தையில் கிடைக்கும் கறுத்த பூஅர் வேறு. குவித்து, நீர் தெளித்து, நுண்ணுயிர்களால் சீக்கிரம் முதிரவைக்கும் அந்த முறை 1973-இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் உருவானது. இந்த வீட்டில் அதைச் செய்வதில்லை.

நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ காய்ந்த இலை. அதை ஆவியில் இளக்கி, துணிப்பையில் கட்டி, கல்லால் அழுத்தி 357 கிராம் வட்டாக ஆக்குகிறார்கள். ஏழு வட்டு சேர்த்து மூங்கில் பாளையில் கட்டினால் ஒரு கட்டு. குதிரை முதுகில் திபெத் வரை போன காலத்துக் கட்டுமுறை.

ஏப்ரல் 10, வியாழன். நுவோகாங்

தை மக்களின் கிராமம். குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில், ஊரின் இதயம் என்று அவர்கள் சொல்லும் நடுக்கம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வீடுகள். இங்கே கூரை முகட்டில் மாட்டுக் கொம்பு வடிவம். நீர்த் திருவிழாவுக்குச் சில நாள்தான் இருப்பதால் கோயிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் கூட்டமும் காபிக் கடைகளும் வெங்ஜியைவிட அதிகமாகத் தெரிந்தன. மாலைக்குள் கிளம்பிவிட்டேன்.

வழியில் ஒரு பெரிய மரத்தில் டஜன் கணக்கில் மலைத்தேன் கூடுகள் தொங்குவதைப் பார்த்தேன். சுற்றிலும் மருந்தடித்த தோட்டம் இருந்தால் அந்தத் தேனீக்கள் அங்கே இருக்காது.

ஏப்ரல் 11, வெள்ளி. மாங்ஜிங்

புலாங் மக்களின் தேயிலை முன்னோரான பா அய்லெங்கின் கோயில் இங்கே இருக்கிறது. தன் மக்களைத் தேயிலை நட வைத்த தலைவர் அவர். தை அரசரின் ஏழாவது மகளை மணந்தார் என்பது கதை. இரண்டு இனங்களும் இந்த மலையில் சேர்ந்து வாழ்வதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். சாகும்போது அவர் சொன்னதாக ஊரே சொல்வது இது: மாடும் குதிரையும் விட்டுப்போனால் நோயில் சாகும், பொன்னும் வெள்ளியும் விட்டுப்போனால் செலவாகிவிடும், தேயிலை மரத்தை விட்டுப்போகிறேன், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது சோறு போடும். இந்த மாத நடுவில் வரும் ஷான்காங் திருவிழாவில் எல்லாக் குடும்பமும் அவரைக் கும்பிட மலையேறும்.

ஆனால் இந்த மரங்கள் எப்போதும் சோறு போட்டுவிடவில்லை. அக்காவின் கணவர் கோயில் படியில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது காட்டுத் தேயிலைக்கு மதிப்பே இல்லை. வரிசையாக நட்ட படிக்கட்டுத் தோட்டம்தான் முன்னேற்றம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் பூஅர் தேயிலைக்குப் பணம் கொட்டியது. சிமாவ் நகரமே 2007-இல் பூஅர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே வருடம் விலை சரிந்தது. மூட்டை மூட்டையாகத் தேங்கியதை இவரும் பார்த்திருக்கிறார். 2010-ஐ ஒட்டிப் படிக்கட்டுத் தோட்டங்களில் செடிகளைக் குறைத்து, நடுநடுவே மரங்களை நட்டார்கள். பாதிச் செடியைப் பிடுங்கியபோது அவருடைய அப்பா ஒரு வாரம் பேசவில்லையாம். இன்று அந்தச் சரிவிலும் நிழல் இருக்கிறது.

இந்த மரங்களை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

“பறிக்கும் உரிமையைச் சிலர் சில வருடத்துக்கு வெளியாட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மரத்தை ஓய்வெடுக்க விடவில்லை, மொட்டையாக்கிவிட்டுப் போனார்கள். என் மரத்தை நானேதான் பறிப்பேன்.”

ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பல வருடம் ஒரே சரிவில் கொழுந்து பறித்தார். எந்த வரிசையில் எந்தச் செடிக்குக் கொழுந்து சீக்கிரம் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு செடிகூட அவருடையது இல்லை. ஓய்வு பெற்றதும் லைன் வீட்டையும் காலி செய்துவிட்டு மலையிறங்கினார். அந்தத் தோட்டத்தில் காட்டை விட்டுவைப்பதா, மருந்தடிப்பதா, எத்தனை கிலோ பறிப்பது என்று ஒருநாளும் அவரை யாரும் கேட்டதில்லை. இங்கே பறிக்கிற கையும் முடிவெடுக்கிற கையும் ஒன்று. ஒரு குடும்பம் பேராசைப்பட்டால் ஊர்க்கூட்டம் தடுக்கிறது. ஊர் சறுக்கினால் முன்னோர் மேல் உள்ள பயம் தடுக்கிறது. இந்தக் காடு தப்பித்ததற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் 12, சனி. ஹுய்மின்

காலையில் இறங்கிவிட்டேன். விடைபெறும்போது அக்கா மண் குடுவையில் இலையை வறுத்து, கொதிநீர் ஊற்றி, கறுப்பாக ஒரு கிண்ணம் கொடுத்தார். பயணம் போகிறவருக்குத் தூக்கம் வரக் கூடாதாம்.

இந்த வசந்தத்து இலையில் ஒரு வட்டு வாங்கிக்கொண்டேன். காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில், மசாலா வாசனை படாமல் வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்கள். அம்மாவிடம் கொடுக்கும்போது, அக்கா மரத்தின் மேல் நின்று பறிக்கிற வீடியோவையும் காட்ட வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது கூலி எவ்வளவு என்றுதான். கூலி இல்லை அம்மா, அது அவங்க மரம் என்று சொல்லப் போகிறேன்.

பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. லான்சாங் போய், அங்கிருந்து பூஅர் நகரம். பழைய குதிரைப் பாதையில் எஞ்சியிருக்கும் கல்தளத்தை நடந்து பார்த்துவிட்டு அங்கிருந்து எழுதுகிறேன்.