பழைய சேலம் ஜில்லாவின் பல்கலைக்கழகம்

பெரியார் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது 1997இல் தோன்றிய இளம் பல்கலைக்கழகம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மரபும் வழக்கமும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைநகருக்குமே உரியவை என்பதுபோல் பலரும் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். சேலத்தை அடுத்த கருப்பூரில் இருக்கும் அதன் வளாகத்தில் புவியமைப்பியல் படித்து, இன்றும் அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு முடிந்தபோதெல்லாம் போய்வருகிற எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல்கலைக்கழகம் வயதில் சிறியதாக இருக்கலாம். அது தன் எல்லைக்குள் கூட்டிவைத்திருக்கும் நிலமும் மக்களும் மிகப் பழையவை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சேலம் ஜில்லா என்று சொல்லிவந்தது இன்றைய நான்கு மாவட்டங்களையும் சேர்த்துத்தான். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நாமக்கல் பிரிந்த அதே ஆண்டு, செப்டம்பர் 17ஆம் நாள், அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இந்தப் பகுதிக் கல்லூரிகளுக்கென்று பெரியார் பல்கலைக்கழகம் உருவானது. கலெக்டர் அலுவலகமும் மாவட்டக் காவல் அலுவலகமும் தனித்தனியாகப் போய்விட்ட பிறகும், ஓசூரிலிருந்து நாமக்கல் வரை நூற்றுக்கும் மேற்பட்ட கலை, அறிவியல் கல்லூரிகள் இந்த ஒரே பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. பாகம் பிரிந்துபோன பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் மட்டும் ஒன்றாகப் பொங்கல் வைப்பதைப்போல, பழைய ஜில்லா இன்று கூடுகிற இடம் கருப்பூர்தான்.

இதை விடுதியில் இருந்தவர்கள் நன்றாக அறிவார்கள். ஓசூர்ப் பக்கத்து மாணவர் வீட்டுக்குப் போனில் தெலுங்கில் பேசிவிட்டு, கன்னடத்தில் நண்பரைக் கூப்பிட்டு, எங்களிடம் தமிழில் கதையைத் தொடர்வார். திருச்செங்கோட்டுக்காரர் எந்தப் பேச்சையும் ‘ஏனுங்க’ என்றுதான் தொடங்குவார். சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் வந்த, மலையாளி என்று அழைக்கப்படும் தமிழ் பேசும் பழங்குடி மாணவர்கள், தங்கள் மலைகளுக்கிடையே இருக்கும் உறவுமுறைகளை அந்த விடுதியில் வைத்துத்தான் ஒருவருக்கொருவர் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். பெரும்பாலான வீடுகளில் பட்டப்படிப்பைத் தொடும் முதல் தலைமுறை அவர்கள்தான் என்பதால், பரீட்சைக் கட்டணம் கட்டும் கடைசித் தேதியும், அரியர் பேப்பர் எழுதும் முறையும், உதவித்தொகை விண்ணப்பமும் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கற்றுத்தரும் பாடங்களாகவே இருந்தன. ஒரு வளாகத்தின் மரபு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கைமாற்றம்தான்.

கல்லூரிகளின் வரலாறு இன்னும் பின்னே செல்கிறது. சேலம் அரசு கலைக் கல்லூரியின் தொடக்கம் 1857. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டுதான். பள்ளியாகத் தொடங்கி, கல்லூரியாக வளர்ந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்னையின் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய அந்த நிறுவனம், இன்று தன்னைவிட 140 ஆண்டுகள் இளைய பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வழங்குகிறது.

பெயரும் சேலத்துக்குப் பொருத்தமானது. 1944 ஆகஸ்டு 27இல் நீதிக்கட்சி மாநாடு சேலத்தில் கூடியபோதுதான் அக்கட்சிக்குத் திராவிடர் கழகம் என்ற பெயர் சூட்டப்பட்டது. பல்கலைக்கழகம் தோன்றிய செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள். 2021 முதல் தமிழ்நாடு அரசு அந்நாளைச் சமூக நீதி நாளாக அறிவித்திருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் அன்று எடுக்கப்படும் உறுதிமொழியை, தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் உரக்கச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

எங்கள் துறையின் தனி வழக்கம் களப்பயணம். கிழக்கே சேர்வராயன் மலை, அதன் அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள், சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை என்று, பிற ஊர் மாணவர்கள் ரயிலேறி வந்து பார்க்கும் பாறைகள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன. வெள்ளைக்கல் என்று ஊரார் சொல்லும் மேக்னசைட், கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடும். அதையும் சுண்ணக்கல்லையும் கண்ணால் பார்த்துப் பிரித்துவிட முடியாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணக்கல் உடனே பொங்கும். மேக்னசைட் அசையாமல் இருக்கும். பொடியாக்கி, அமிலத்தைச் சூடாக்கி விட்டால்தான் அது நுரைக்கும். இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் வெப்பம் தாங்கும் செங்கற்களுக்கு இந்தக் கல்தான் மூலப்பொருள் என்பதை ஆசிரியர் அந்தச் சுரங்க விளிம்பில் நின்று சொன்னார்.

கஞ்சமலையில் வேறொரு பாடம். சித்தர் கோயிலுக்கு அமாவாசை தோறும் கூட்டம் திரளும் அந்த மலையில் காந்த இரும்புத்தாது படிந்த பாறை இருப்பதால், திசைகாட்டியைக் கல்லுக்கு அருகில் கொண்டுபோனால் முள் வடக்கை விட்டு விலகும். முதல்முறை வருகிற மாணவர்களிடம் திசையைக் குறிக்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வடக்கைக் காட்டுவதைச் சீனியர்கள் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். மூன்றாவது, ஏற்காட்டு மலைப்பாதை: இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, சாலைக்காக வெட்டிய பக்கங்களில் சார்னோக்கைட் பாறை நீலஞ்சார்ந்த கருமையோடு, எண்ணெய் பூசியதுபோன்ற பளபளப்போடு தெரியும். மழையும் வெயிலும் பட்ட மேல்தோலைச் சுத்தியலால் தட்டி உடைத்துப் புதிய முகத்தைப் பார்க்காமல் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் துறையில் கண்டிப்பான விதி.

பட்டமளிப்பு விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேந்தரான ஆளுநர் வருவார்; தங்கப்பதக்கம் பெறுவோரும் முனைவர் பட்டம் பெறுவோரும் அங்கியணிந்து மேடையேறுவார்கள்; செய்தித்தாளில் படம் வரும். வளாகத்தின் உண்மையான விழா என்று நான் கருதுவது முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வைத்தான். முன்கூட்டியே அறிவித்து, ஆய்வேட்டைப் பிறர் பார்வைக்கு வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்று திறந்துவிடப்படும் தேர்வு அது.

அப்படி ஒரு தேர்வு நினைவில் நிற்கிறது. தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளூரைடைப் பற்றிய ஆய்வு. ஆய்வாளரின் பெற்றோர் பென்னாகரம் பக்கத்து விவசாயிகள், பஸ் பிடித்து வந்து, கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, “உள்ளார வரலாங்களா?” என்று அந்த அம்மா கேட்டபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரே எழுந்து, “வாங்கம்மா, முன்னாடி வந்து உட்காருங்க” என்று அழைத்தார். விளக்கப்படங்களும் ஆங்கிலக் கேள்விகளும் முடிந்து, அவையில் யாரேனும் கேட்கலாம் என்றபோது, அந்த அப்பா எழுந்து நின்றார். “எங்க போர் தண்ணியக் குடிக்கலாங்களா, கூடாதுங்களா?”

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய மகள் தமிழுக்கு மாறி, பாறையிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு மெல்லக் கரைந்து நீரில் சேர்வதையும், ஆழ்துளைக் கிணற்றில் நீர் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதால் அளவு கூடுவதையும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறையும் நாளடைவில் எலும்பில் கேடும் வருவதையும், கொதிக்கவைத்தால் அது போகாது என்பதையும் சொல்லி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிக்கவும் போர் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் சொன்னார். அந்தப் பதிலையும் தேர்வாளர் குறித்துக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் டீயும் கேசரியும் கொடுத்தார்கள்.

இவை எதுவும் எழுத்தில் இல்லை. களப்பயணக் குறிப்பேடுகள் விடுதி அலமாரிகளிலிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் பாடம் நடத்தியவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். படித்தவர்கள் தங்களிடமுள்ள குறிப்பேடுகள், புகைப்படங்கள், வாய்மொழித் தேர்வு அறிவிப்புகள் ஆகியவற்றின் ஒரு பிரதியையாவது அவரவர் துறை நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று நண்பர்களிடம் கேட்டுவருகிறேன். கஞ்சமலையில் பிழையான வடக்கைக் குறித்துவைத்திருக்கும் என் குறிப்பேட்டை நகலெடுத்து முதலில் கொடுக்கவிருக்கிறேன். படித்த ஆண்டையும் ஊரையும் முகப்பில் எழுதி மற்றவர்களும் கொடுங்கள்.