எல்லாரும் சிரித்த இடம்

"அந்த வரியை ஏன் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்?"

இங்கிலாந்தின் டெவனில், ஒரு காலத்தில் தாது கப்பலேறிய பழைய ஆற்றுத் துறைமுகமான மோர்வெல்ஹாம் துறையைச் சுற்றிக் காட்டி முடித்துக் குழுவோடு பேருந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி கேட்டது இது. குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

பெரிய துறையின் ஓடு பாவிய தரையில் எல்லாரையும் நிறுத்திவைத்து, "ஒரு காலத்தில் இங்கே பீப்பாய்களில் இருந்த ஆர்செனிக் பாஷாணம் உலகத்தில் இருந்த அத்தனை பேரையும் கொல்லப் போதுமாம்" என்பேன். துறை இருக்கும் டேமர் ஆற்றங்கரையில் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சுதான். நானாகச் சேர்த்தது, அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, ஒரு சிரிப்பு, "அதனால் தரையைத் தொட்டுவிட்டு விரலை நக்காதீர்கள்" என்ற வால். ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரிக்கும். அன்றும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் இந்த அம்மா குனிந்து ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்ததைப் பார்த்தேன். ஷூ கயிற்றைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன்.

அவருடைய பாட்டியின் அப்பா பக்கத்திலிருந்த டெவன் கிரேட் கன்சோல்ஸ் என்ற செம்புச் சுரங்கத்தில் பாஷாணம் சுரண்டியவராம். "மன்னியுங்கள், உங்களைப் புண்படுத்த நினைக்கவில்லை" என்றேன். "என்னை ஒன்றும் புண்படுத்தவில்லை. அவர் இங்கே நின்றிருந்தால் சிரித்திருப்பாரா என்று யோசித்தேன், அவ்வளவுதான்" என்றார். பேருந்தில் ஏறிவிட்டார்.

சுரண்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டுவிட்டேன். தாதுவைச் சூளையில் வறுக்கும்போது எழும் புகையை, வளைந்து வளைந்து போகும் நீண்ட புகைவழிகளில் செலுத்துவார்கள். போகப் போகப் புகை ஆறி, சுவரெல்லாம் பாஷாணம் வெள்ளைத் தூளாகப் படியும். அப்புறம் ஆட்கள் உள்ளே நுழைந்து அதைச் சுரண்டி அள்ள வேண்டும். அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு, மூக்குத் துவாரங்களில் பஞ்சு, வாயை மூடி ஒரு துணி, வெளியே தெரியும் தோலில் பூசிய களிமண். இவ்வளவுதான்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எனக்குக் கிடைப்பது 40 நிமிடம். 1844-இல் அந்தச் சுரங்கத்தில் செம்பு கிடைத்தது, அதன் 1 பவுண்டுப் பங்கு 800 பவுண்டு வரை ஏறியது, அதற்கும் முன்பே 1817-இல் மலையைக் குடைந்து கால்வாய் வந்தது, கால்வாய் முடியும் இடத்திலிருந்து துறைக்கு ஏறக்குறைய 72 மீட்டர் சரிவு, அதில் தண்ணீரின் விசையால் வண்டிகளை இயக்கினார்கள், தாது கப்பலேறி வேல்ஸின் ஸ்வான்சி வட்டாரத்து உலைகளுக்குப் போனது. எல்லாம் சொல்வேன். பேருந்தில் ஏறும்போது ஒருவருக்கும் ஓர் எண் நினைவிருக்காது. பாஷாணப் பீப்பாய் மட்டும் நினைவிருக்கும். சிரித்ததால்தான் நினைவிருக்கிறது. மறந்துபோவதைவிட அது மேல் அல்லவா? அந்த ஆட்களே தங்களுக்குள் இதைவிட மோசமாகக் கேலி பேசியிருப்பார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் களிமண் பூசிக்கொண்டு உள்ளே போகிறவன் கேலி பேசுவதும், வெயிலில் நின்று நான் பேசுவதும் ஒன்றா?

இதைவிட உறுத்தியது வேறொன்று. நான் கதை சொல்லும் முறையில் செம்புதான் பெருமை, பாஷாணம் கடைசியில் வரும் வேடிக்கை. நடந்தது அப்படியில்லை. செம்பு குறைந்தபோது சுரங்கத்தைத் தூக்கி நிறுத்தியதே பாஷாணம்தான். முதலில் குப்பையென்று ஒதுக்கிய தாதுவைத் தோண்டி எடுத்து வறுத்து, சாயத்துக்கும் கண்ணாடிக்கும் பூச்சிமருந்துக்கும் விற்றார்கள். 1901-இல் சுரங்கத்தை மூடும்வரை எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த வெள்ளைத் தூளால். பெரியவர் குடும்பத்தைக் காப்பாற்றியதும் அதுதான், மூச்சில் போனதும் அதுதான். அதை நான் ஒரு வாலில் சுருட்டி வைத்திருந்தேன்.

அடுத்த குழுவுக்கு அந்த வரியையே விட்டுவிட்டேன். சிரிக்காமல், பஞ்சையும் களிமண்ணையும் மட்டும் சொன்னேன். ஒரு தாய் தன் பிள்ளையின் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். பயணம் முடிந்ததும் கருத்துத் தாளில் ஒருவர் "கொஞ்சம் பாரமாக இருந்தது" என்று எழுதியிருந்தார். பாரமாக இருந்தால் என்ன என்று ஒரு மனசு கேட்டது. இவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள், யாரையும் வருத்த உனக்கு என்ன உரிமை என்று இன்னொரு மனசு கேட்டது. இரண்டு மூன்று குழுக்களுக்குப் பிறகு வரி திரும்பி வந்துவிட்டது. விரல் நக்கும் வால் மட்டும் வரவில்லை.

அந்தப் பெரியவரின் பெயரையாவது அன்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில் இருந்தேன்.

இப்போதும் அதே ஓட்டுத் தரையில்தான் நிறுத்துகிறேன். வரியைச் சொல்கிறேன். நான் சிரிக்காவிட்டாலும் யாராவது சிரிக்கிறார்கள். அது அடங்கும்வரை காத்திருந்து பஞ்சையும் துணியையும் களிமண்ணையும் சொல்லத் தொடங்குகிறேன். அதற்குள் பாதிப் பேர் நீர்ச்சக்கரத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.