ஏழாம் வாய்ப்பாடு

மே 29, 2024

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது என்கிறார் எதிர்வீட்டு அக்கா. மாமா ஆச்சியைப் பார்த்தது ஏழரைக்கு. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததாம். கிறக்கம் என்று நினைத்துச் சுக்குக் காப்பி கொடுத்திருக்கிறார்கள், கடைவாயில் வழிந்துவிட்டது. இங்கே வந்து சேரும்போது மணி பதினொன்றே கால். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு என்று டாக்டர் சொன்னதிலிருந்து கழித்துக் கழித்துப் பார்க்கிறேன். ஏழரையிலிருந்து என்றால் மூன்றே முக்கால். ஐந்திலிருந்து என்றால் ஆறேகால். அவர்கள் கணக்கோ வேறு. கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து எண்ண வேண்டுமாம். அது முந்தின இரவு ஒன்பது. அந்தக் கணக்கில் ஊசி இல்லை. ஆனாலும் அந்தக் கதவை என்னால் விட முடியவில்லை. திறந்தது ஆச்சியா, பால்காரரா?

மே 30

இடது பக்க மூளை. வலக்கை, வலக்கால், பேச்சு. சாக்பீஸ் பிடித்த கை.

மே 31

மூக்குக்கண்ணாடி எடுக்க வீட்டுக்குப் போனேன். 1998-இல் இதே மே 31 அன்றுதான் ஓய்வு பெற்றாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டாள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதன் அடியில் ரப்பர் வளையம் போட்ட இன்லேண்ட் கடிதங்கள், பதினேழு. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. வெளியே என் கல்லூரி விடுதி முகவரி மட்டும். பதினேழிலும் ‘சென்னை’ என்பதில் அந்தப் பழைய ‘னை’, யானைத் துதிக்கை போல வளைந்து எழும்பி.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது ஆச்சிக்கு 38 வயது. பதினெட்டு வருடமாகப் பலகையில் போட்ட துதிக்கையை ஒரே இரவில் விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குக் குழப்பம் வரக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் தவறிப் பழைய எழுத்தைப் போட்டதில்லை என்பாள். கடிதத்தில் மட்டும் அவள் கை அவளுடையது.

நான் எழுதிய கடிதங்கள் ஒன்றும் பெட்டியில் இல்லை. இருக்காது. எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருந்தாளே.

ஜூன் 2

கேஸ் தாளில் ‘84, பெண்’ என்றுதான் இருக்கிறது. கீழே இடம் இருக்கிறது. யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

1960-இல் வேலைக்குச் சேர்ந்தாள். சாத்தான்குளம் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரம், ஓராசிரியர் பள்ளி. பனையோலைக் கூரை, ஒரே அறை, ஐந்து வகுப்பு. ஆச்சி மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டும். கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது வெள்ளிக்கிழமை வேலை. எட்டயபுரத்தில் 1956-இல் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவு அந்த ஊர் வரைக்கும் வந்திருந்தது; ஊராரும் பிடி அரிசி கொடுத்தார்கள். சோற்றுக்கு வந்தவனை எழுத்துக்கு உட்காரவைப்பதுதான் என் உத்தியோகம் என்பாள்.

பதனீர்க் காலம் வந்தால் பாதிப் பிள்ளைகளைக் காணாது. அப்பா பனையில் இருப்பார், பிள்ளை பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்புக்கு ஓலை தள்ளிக்கொண்டிருக்கும். ஆச்சி பள்ளி விட்டதும் அங்கேயே போய்விடுவாள். அடுப்பில் பதனீர் கொதித்துப் பாகாகும் வரை அந்தப் புகையில் உட்கார்ந்து, செம்மணலில் விரலால் எழுதவைப்பாள். மறுநாள் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு வருகை போட்டுவிடுவாள். பார்வைக்கு வந்த ஆய்வாளர் அதைத் தவறு என்று எழுதிவிட்டுப் போனார். “அவன் படித்தான், நான் பார்த்தேன். பிறகு எப்படி வரவில்லை என்று போடுவது?” இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசி வரை இறங்கி வரவே இல்லை. எனக்கும் அவள் செய்ததுதான் சரி.

ஜூன் 4

வாக்கு எண்ணிக்கை. கீழே காத்திருப்போர் கூடத்தில் ஒரே கூட்டம். ஆச்சியின் இடது சுட்டுவிரல் நகத்தில் மை இன்னும் அழியவில்லை, நகத்தோடு சேர்ந்து மேலே வளர்ந்திருக்கிறது. 85 முடிந்திருந்தால் வீட்டிலேயே வாக்களித்திருக்கலாம். ஒரு வயது குறைந்ததில் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஏப்ரல் 19 காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றாளாம். 1967 தேர்தலில் மை வைக்கும் வேலை பார்த்தவள். நகமும் தோலும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும் என்று இந்த முறை அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

ஜூன் 5

பேசினாள்!

பேசவில்லை. அம்மா பெயர் வரவில்லை, தண்ணீர் என்று வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, மனப்பாடமாக இருக்கும் ஏதாவது ஒன்றை நீங்கள் தொடங்குங்கள் என்றார். நான் “ஓரேழு ஏழு” என்றேன். ஆச்சி “ஈரேழு பதினான்கு” என்றாள். குழறலாக, ஆனால் அதே ராகத்தில். மூவேழு இருபத்தொன்று. நாலேழு இருபத்தெட்டு. பத்தேழு எழுபது வரை நிற்காமல் போனாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். நினைத்துச் சொல்லும் சொல் ஓரிடத்தில் இருக்கிறது, பழகிப்போன சொல் வேறிடத்தில் இருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கினார். பேச முடியாதவர்களில் சிலர் பாடுவார்களாம்.

ஜூன் 6

இன்று நானாகவே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். “எட்டேழு ஐம்பத்தைந்து.” ஆச்சி நிறுத்தினாள். இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. என் தொடையைத் தேடிப் பிடித்துக் கிள்ளினாள்.

வலித்தது. ஐந்து முறை வேறு வேறு இடத்தில் தப்பாகச் சொன்னேன். ஐந்து முறையும் கிள்ளினாள். ஆச்சி உள்ளே இருக்கிறாள்.

ஜூன் 7

தூக்கமில்லை. 2003-இல் விடுதியில் இருக்க முடியாமல் அழுதுகொண்டு எழுதிய கடிதம். “ஒரு அறையில் ஆறு பேர், யாரும் என்னோடு பேசுவதில்லை, வந்து விடட்டுமா?” அதுவும் திரும்பி வந்தது. ‘ஒரு அறை’யைச் சுழித்து மேலே ‘ஓர் அறை’. ‘வந்து விடட்டுமா’வைச் சேர்த்துச் சிவப்பில் ஒரு வளைவு. கூடவே அவள் கடிதமும் இருந்தது, நான்கு பக்கம். நான் அதைப் பிரிக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, போன்தான். அந்த நான்கு பக்கத்தை எங்கே வைத்தேன்? விடுதியைக் காலி செய்யும்போது பழைய பேப்பரோடு போட்டிருப்பேனோ? பதினேழு இன்லேண்ட். ஒவ்வொன்றாக வாங்கினாளா, மொத்தமாகவா? முகவரி எழுதிவிட்டு என் கடிதம் வரட்டும் என்று இருந்தாளா?

ஜூன் 8

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறோம். படுக்கைப்புண் இல்லை. மாமாவின் கையில்தான் ஆச்சி முனகாமல் திரும்புகிறாள். அந்தக் காப்பியைப் பற்றி மாமாவிடம் இனிக் கேட்க மாட்டேன்.

ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆறாம் தேதி என்று இருந்ததை வெயிலுக்காக இன்றைக்குத் தள்ளிவைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வோர் ஆண்டும் திறக்கும் நாளில் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாள். முதல் நாள் அழுதுகொண்டு போகும் பிள்ளையைப் பார்த்தால் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி. நானும் அப்படி அழுதுகொண்டு போனவள்தான், 1990-இல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. வாசற்படி தாண்டியதும் கையை விட்டுவிட்டு, “இனி நான் டீச்சர்” என்றாள்.

காலையில் தலைவாரி, விபூதி வைத்து, தேதியைச் சொன்னேன். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 11

காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது.

ஜூன் 12

எட்டேழு ஐம்பத்து நான்கு என்றேன்.

எட்டேழு ஐம்பத்து மூன்று என்றேன். கையை எடுத்து என் தொடைமேல் வைத்துக்கொண்டு சொன்னேன்.

ஜூன் 13

விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு ஊசி போட்டார்கள்.

ஓர் ஊசி.