ஒன்பது முறை பறந்த ராக்கெட்டும் ஒரு கணக்கும்

நியூ பி.இ.எல். ரோட்டில் இஸ்ரோ தலைமையகத்துக்குப் பக்கத்து டீக்கடையாகட்டும், அல்சூரில் ஞாயிறு சாயங்காலம் கூடும் தமிழ்க் கூட்டமாகட்டும், விண்வெளிப் பேச்சு எடுத்தால் சண்டை ஒரே இடத்தில்தான் மூள்கிறது. "ஸ்பேஸ்எக்ஸ்காரன் ராக்கெட்டோட அடிக்கட்டத்தை, அதான் பூஸ்டரை, கோபுரத்துல வெச்சுப் பிடிக்கிறான், நாம இன்னும் கடல்ல வீசிட்டிருக்கோம்" என்பது ஒரு கட்சி. "நம்ம காசுக்கு இதுவே அதிகம்" என்பது இன்னொரு கட்சி. வருஷத்துக்கு எத்தனை தடவை ஏவப்போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குக்காக ஒரு கற்பனை ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை ஏவ 100 ரூபாய். அதில் அடியில் இருந்து முதலில் எரியும் முதல் கட்டம் மட்டும் 60. அந்தக் கட்டத்தைத் திருப்பி இறக்கிப் பத்து தடவை ஓட்டினால் தடவைக்கு 6 ரூபாய், பழுதுபார்க்க 15. ஆக மொத்தச் செலவு 61க்கு இறங்குகிறது. ஆனால் இறங்குவதற்கு எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும், கால்கள், இறங்கும்போது திசை திருப்பும் கிரிட் துடுப்புகள் எல்லாம் சுமக்க வேண்டும். அதில் சுமைத்திறன் 35 சதவீதம் போகிறது என்று வைப்போம். இது போக மிதக்கும் தளம், பழுதுபார்க்கும் கொட்டகை, ஆட்கள் சம்பளம் என்று பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருஷத்துக்கு 100 ரூபாய்.

இப்போது ராக்கெட்டை ஒவ்வொரு தடவையும் முழுக்க நிரப்பி அனுப்புபவருக்கு, கிலோ கணக்கில் லாபம் தெரிய வருஷத்துக்கு 25 தடவைக்கு மேல் ஏவ வேண்டும். எப்படியும் கொள்ளளவில் 65 சதவீதத்துக்கு மேல் தேவைப்படாத சிறிய சுமை என்றால் மூன்றே தடவை போதும். எண்கள் என் ஊகம்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டாலும் விடையை ஆட்டிவைப்பது இஞ்சினின் அழகு அல்ல, ஏவல்களின் எண்ணிக்கையும் சுமை ராக்கெட்டை எவ்வளவு நிரப்புகிறது என்பதும்தான். 2024ல் ஸ்பேஸ்எக்ஸின் முதல் கட்டம் திரும்பி இறங்கும் ராக்கெட்டான ஃபால்கன் 9 பறந்தது 130 தடவைக்கு மேல். இஸ்ரோவின் கனரக ராக்கெட்டான நம் எல்.வி.எம்.3, 2014 டிசம்பரின் சோதனைப் பறத்தலையும் சேர்த்து 2025 முடிய 9 தடவை.

சரி, இருக்கிற எல்.வி.எம்.3யையே இறக்கிப் பார்க்கலாமே என்பார்கள். முடியாது. பக்கவாட்டில் இருக்கும் எஸ்200 என்ற இரண்டு பூஸ்டர்களும் திட எரிபொருள், ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல். ஒரு தடவை பற்றினால் எரிந்து முடியும்வரை அணைக்க வழியில்லை. நடுவில் இருக்கும் எல்110 என்ற திரவ எரிபொருள் கட்டத்தில் விகாஸ் என்ற இஞ்சின்கள் இரண்டே. காலியான கட்டம் இறங்கும்போது அதன் எடையோடு ஒப்பிட்டால் ஒரு விகாஸ் தரும் சுமார் 80 டன் உந்துவிசை பல மடங்கு. கட்டம் இறங்குவதற்குப் பதில் மறுபடி மேலே கிளம்பிவிடும். ஃபால்கன் 9ல் ஒன்பது இஞ்சின்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டை அணைத்து, ஒன்றை அடக்கி எரித்து இறங்குகிறது. அப்போதும் அந்த ஒன்றின் உந்துவிசை காலிக் கட்டத்தின் எடையைவிட அதிகம் என்பதால் அந்தரத்தில் நின்று நிதானிக்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் கணத்தில் தரை காலடியில் இருந்தாக வேண்டும்.

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 8,240 கோடிக்கு அனுமதித்த அடுத்த தலைமுறை ஏவுவாகனமான என்.ஜி.எல்.வி.யும் இதே வழியில்தான் போகிறது. முதல் கட்டத்தில் தலா சுமார் 110 டன் உந்துவிசை தரும் ஒன்பது இஞ்சின்கள், மீத்தேனும் திரவ ஆக்சிஜனும். தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை.

மீத்தேன் ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் வகை எரிபொருள் குளிர்விக்கும் குழாய்களில் கரி படியவிடும். ஒரு தடவை பறந்து கடலில் விழும் இஞ்சினுக்கு அது பொருட்டல்ல, பத்து தடவை ஓட்ட வேண்டியதற்குத் தலைவலி. ஹைட்ரஜனில் கரி இல்லை, ஆனால் லிட்டருக்கு 71 கிராம்தான். தொட்டி பூதாகரமாகும், மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும். மீத்தேன் மைனஸ் 161, ஆக்சிஜன் மைனஸ் 183. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வெப்பநிலை என்பதால் ஒரே தடுப்புச் சுவரின் இருபுறமும் நிரப்பலாம். இன்னொரு வசதி, சூடாக்கிய மீத்தேனையே திருப்பி விட்டுத் தொட்டியில் அழுத்தம் கொடுக்கலாம், ஹீலியம் உருளைகளைத் தவிர்க்கலாம். 2016 செப்டம்பர் 1ல் ஏவுமேடையிலேயே ஒரு ஃபால்கன் 9 வெடித்ததே, அது ஆக்சிஜன் தொட்டிக்குள் இருந்த ஹீலியம் உருளையால் வந்த வினை.

அழுத்தம் என்றதும் நம் வீட்டு உதாரணமும் உண்டு. 2021 ஆகஸ்ட் 12ல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 ராக்கெட்டின் கிரையோ கட்டம், அதாவது உறைகுளிர் ஹைட்ரஜனில் ஓடும் மேல் கட்டம், பற்றவே இல்லை. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் விடுவிக்கும் வால்வில் கசிவு. தொட்டி அழுத்தம் இறங்கியதால் எரிபொருளைத் தள்ளிக்கொடுக்கும் பூஸ்டர் பம்ப் சரியாக ஓடவில்லை. கணினியே பயணத்தை நிறுத்திவிட்டது. இஞ்சின் பேரில் குற்றம் இல்லை, ஒரு வால்வுதான்.

எல்.வி.எம்.3ல் ஆளை ஏற்றும் ககன்யான் திட்டத்தில் இந்த வால்வு விஷயம் வேறு கணக்காகிறது. எல்.வி.எம்.3 ஒன்பதுக்கு ஒன்பது வென்றிருக்கிறது. கைதட்டலாம். ஆனால் புள்ளியியல் கருமி. ஒன்பது வெற்றிகளை மட்டும் வைத்து, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது "தோல்வி வாய்ப்பு 28 சதவீதத்துக்குக் கீழே" என்பதுதான். அதே நம்பிக்கையோடு ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல சுமார் 300 வெற்றிகள் தேவை. அதை நாம் பறந்து நிரூபிக்கப் போவதில்லை. எனவே பகுதி பகுதியாகத் தரையில் நிரூபிக்கிறார்கள். மிச்சத்துக்குத் தப்பிக்கும் அமைப்பு. 2023 அக்டோபர் 21ல் டி.வி.-டி1 என்ற ஆளில்லாச் சோதனைப் பறத்தல் அதைத்தான் காட்டியது. கவுண்ட்டவுன் 5 நொடியில் நின்று, காலை 10 மணிக்கு மறுபடி கிளம்பி, 12 கிலோமீட்டர் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஆட்கள் உட்காரும் கூண்டை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் கூண்டின் பாராசூட்டுகள் மட்டும் பத்து: மூடியைப் பிரிக்க இரண்டு, வேகம் குறைக்க இரண்டு, பெரியவற்றை இழுத்து விரிக்க மூன்று, பெரியவை மூன்று.

இதில் ஒரு இழுபறி இருக்கிறது. எல்110ன் இடத்தில், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் செமி-கிரையோ கட்டமான எஸ்.சி.120யை வைக்கும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இஞ்சினுக்கு அனுமதி 2008ல் கிடைத்தது. இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனைக்கூடத்தில் அதன் டர்போ பம்ப் பகுதியை முதன்முதலாக எரித்துப் பார்த்து வென்றது 2025 மார்ச் 28ல். நல்ல இஞ்சின், வேண்டிய இஞ்சின். ஆனால் கட்டத்தை மாற்றினால் ஒன்பது வெற்றிகளில் பாதி மதிப்பு போய்விடும். ககன்யான் பறக்கும் வரை மனிதர் ஏறும் வடிவத்தை உறையவைக்க வேண்டும், புதியதைச் செயற்கைக்கோள் ஏவல்களில் பழக்க வேண்டும் என்பது என் கட்சி. சித்ரதுர்கா ஓடுதளத்தில் இஸ்ரோவின் இறக்கை வைத்த சோதனை வாகனமான புஷ்பக் மூன்று தடவை தானாக இறங்கியதைக் காட்டி "இதுவும் மறுபயன்பாடுதானே" என்பவர்களுக்கு: அது சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் இறக்கை வாகனத்துக்கான பாடம், பூஸ்டருக்கு அல்ல.

பணத்துக்கு வருவோம். ககன்யானுக்கு 2018ல் அனுமதித்தது 9,023 கோடி. 2024ல் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து 20,193 கோடியானது, மொத்தம் எட்டுப் பயணங்கள். ஸ்ரீஹரிகோட்டா மூன்றாவது ஏவுமேடைக்கு 3,984.86 கோடி. விண்வெளித் துறையின் 2025-26 பட்ஜெட்டே 13,416 கோடிதான், மேலே சொன்னதெல்லாம் பல வருஷங்களில் இதற்குள்ளிருந்து வர வேண்டும். என்.ஜி.எல்.வி. அனுமதியில் வசதிகளும் மூன்று சோதனைப் பறத்தல்களும் அடக்கம். நாலாவது பறத்தலிலிருந்து யார் டிக்கெட் வாங்குவது? செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப் 72 செயற்கைக்கோள்களைக் கொடுத்து 2022, 2023ல் இரண்டு எல்.வி.எம்.3யை நிரப்பியது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் வருஷம் தவறாமல் பல பேர் வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ட்டெமிஸ் என்ற நிலாப் பயணத் திட்டத்துக்காக அமெரிக்கா கட்டிய எஸ்.எல்.எஸ். ராக்கெட் இருக்கிறது. ஆட்கள் ஏறும் ஓரியன் கலத்தையும் தரை வசதிகளையும் சேர்த்து முதல் நாலு ஆர்ட்டெமிஸ் பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் என்று நாசாவின் தணிக்கை அலுவலகமே 2022ல் சொன்னது. இஞ்சின் ஷட்டில் காலத்தது, தெரிந்த சரக்கு. அரிதாகப் பறக்கும் ராக்கெட்டுக்காக ஒரு முழுப் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்த விலைக்குள் இருக்கிறது. நம் பக்கம் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் 208 கோடியில் 2022ல் திறந்த கிரையோ இஞ்சின் தொழிற்கூடமும் இதே விதிக்கு உட்பட்டதுதான்: அதன் எந்திரங்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தால்தான் ஒரு இஞ்சின் விலை இறங்கும்.

கையில் ஆயிரம் கோடி கூடுதலாக இருந்தால் இறங்கும் கால்களுக்கு முன்னால் ஆளில்லாத இரண்டு எல்.வி.எம்.3 பறத்தல்களுக்குக் கொடுப்பேன், மனிதர் ஏறப்போகும் அதே வடிவத்தில், அதே வால்வுகளோடு.